ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் இறங்கினேன்

கல்யாணத்தன்று ஃபாதர் என்னிடம் கேட்ட கேள்விகளில் ஸ்பீட் பிரேக்கர் இல்லை. இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று வரிசையாகக் கேட்டார். நானும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அறுபது வயதுக்கு மேல் சாந்தோம் ரோட்டு நடுவில் காரை விட்டு இறங்கி, குனிந்து, அதன் வயிறு தரையில் உரசுகிறதா என்று பார்த்து, கையைக் காட்டி 'வா, வா, மெல்ல, நிறுத்து' என்று கத்த வேண்டிவரும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அந்தக் கார் சிவப்பு. சீட் இரண்டே இரண்டு. உள்ளே உட்காருவது என்று சொல்லக் கூடாது, விழுவது என்றுதான் சொல்ல வேண்டும். வெளியே வர வேண்டுமானால் காலைத் தரையில் ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு, 'மாதாவே' என்று ஒரு குரல் கொடுத்து எழுந்திருக்க வேண்டும். காருக்கும் தரைக்கும் நடுவில் செருப்பு போகும், ஷூ போகாது. அதை வைத்துக்கொண்டு நம் ஊரில் என்ன செய்வது? ஸ்கூல் வாசலில் ஒரு மேடு, கோயில் வாசலில் ஒரு மேடு, கட்சிக்காரர் வீட்டு வாசலில் கேட்பாரில்லாமல் இன்னும் சில மேடு. போதாக்குறைக்கு மெட்ரோ வேலைக்காக மயிலாப்பூரைத் தோண்டிப் போட்டு, மேலே இரும்புத் தகடு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

மேட்டில் நேராக ஏறினால் முன்பக்க பம்பர் இடிக்கும். குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி போக வேண்டும். அதற்கு ஒரு ஆள் கீழே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து 'இறங்கு' என்று சொல்லவே மாட்டார். மேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கே நான் சீட் பெல்ட்டைக் கழற்றுவேன். கணக்கு டீச்சராக எத்தனையோ பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றியவள், இந்த மனுஷன் பார்வைக்கு நடுரோட்டில் இறங்கினேன்.

ஒருநாள் அப்படி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆட்டோக்காரர் என்னை உரசுகிற மாதிரி வந்து பிரேக் போட்டார். "இன்னாம்மா, நடு ரோட்டுல டான்ஸ் ஆடிக்கினு கீறே? வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றார். வண்டியில் அடிபடப் பார்க்கிற யாரையும் எங்கள் ஊரில் இப்படித்தான் கேட்பார்கள். சாகப் போகிறாயே, வீட்டில் சொல்லிக்கொண்டாவது வந்தாயா என்று அர்த்தம். எனக்கு வந்ததே கோபம்! "வீட்டுக்காரர்தாம்ப்பா இறக்கி விட்டிருக்காரு, அவரையே கேளு!" என்றேன். ஆட்டோக்காரர் காரைப் பார்த்தார், உள்ளே இருந்தவரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் திரும்ப வந்து சீட்டில் விழுந்தபோது இவரும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவர் ரேஸ் ஓட்டினவர். சும்மா ஆசைக்கு ஓட்டினவர் இல்லை. முதலில் சோழவரத்துப் பழைய விமானத் திடலில், பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ட்ராக்கில். கல்யாணமான புதிதில் நானும் கூடப் போவேன். ட்ராக் ஓரத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, கார் வளைவில் மறைந்த நொடியிலிருந்து திரும்பக் கண்ணில் படுகிறவரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பேன். மறைந்தால் பயம், தெரிந்தால் நிம்மதி, அடுத்த நொடி மறுபடி மறையும். பையன் ஸ்கூல் போக ஆரம்பித்ததும் ஒருநாள் ஹெல்மெட்டைப் பரணில் போட்டுவிட்டு, மயிலாப்பூரில் பேட்டரி கடை வைத்தார். நான் கேட்டு விடவில்லை, அவராகவே விட்டார். அதற்குப் பிறகு ரோட்டில் இவர் கார் ஓட்டினால் பின்னால் வருகிற சைக்கிள்காரருக்கே பொறுமை போகும். "வேகமா போறதுக்கு ட்ராக் இருக்கு, ரோடு ஜனங்களுக்கு" என்பார்.

கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த வருஷம் இந்தச் சிவப்பு வந்தது. செகண்ட் ஹேண்டுதான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. "இந்த வயசுல இது தேவையா? அக்கம்பக்கத்துல சிரிக்க மாட்டாங்களா?" என்று கத்தினேன். பெருங்குடியில் வேலை பார்க்கும் மகனுக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவன், "அப்பா ஆசைப்படுறார், விடும்மா" என்றான். அப்பனும் மகனும் ஒரு கட்சி. இவர் மட்டும் சண்டைக்கே வரவில்லை. "இப்ப விட்டா எப்பம்மா?" என்று மெதுவாகச் சொன்னார். வயசானவர் ஆசை என்று நினைத்துக்கொண்டு நானும் அடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தார். மந்திரித்த கையோடு, "ஒரு ரவுண்டு போலாமா?" என்று அவரும் கேட்டார். யாரிடம் போய் முறையிடுவது?

மாதத்துக்கு ஒருமுறை ட்ராக் டே. அவரவர் சொந்தக் காரைக் கொண்டுவந்து, வேண்டிய வேகத்தில் ட்ராக்கைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பந்தயம் கிடையாது, கோப்பை கிடையாது. முந்துவதற்குக்கூட அனுமதி வேண்டும். முன்னால் போகிறவர் கையை நீட்டி 'நீ போ' என்று காட்டினால்தான் பின்னால் வருகிறவர் தாண்டலாம். ஒரு காலத்தில் யாருக்கும் இம்மி இடம் விடாத மனுஷன், இப்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பேரன் வயசுப் பையன்களை எல்லாம் 'போ ராஜா, போ' என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபோது எனக்கே மனசு இளகியது. பாவம், சந்தோஷமாகத்தானே இருக்கிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது.

சண்டை ஆரம்பித்தது பம்பரில். கோட்டூர்புரம் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு மேடு. நான் காருக்கு முன்னால் இடது ஓரமாக நின்று கையை உயர்த்தி, "நிறுத்துங்க!" என்று கத்தினேன். இவர் நிறுத்தவில்லை. கடகடவென்று சத்தம், இடது பக்கத்து விளிம்பு கீறிப் பிளந்துவிட்டது. இறங்கி வந்து, "நீ கையே காட்டலியே" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்! இன்னும் காலையும் தூக்கணுமா?" என்றேன். "காட்டியிருந்தா நான் ஏம்மா நிறுத்தாம வரப்போறேன்?" என்று அவரும் விடவில்லை. அடையாறில் சரிசெய்து கொண்டுவந்தோம். திரும்ப வேறொரு மேட்டில் அதே இடத்தில் உடைந்தது. அதே சண்டை. அவர் என்னைப் பொய்க்காரி என்கிறார் என்று எனக்குக் கோபம். வீட்டில் நாள்கணக்கில் 'சாப்பிட வாங்க' என்பதைத் தவிர நான் வேறு வார்த்தை பேசவில்லை.

அந்த மாத ட்ராக் டேக்குக் கோபத்தோடுதான் கூடப் போனேன். அன்று மேகம் மூடி இருந்தது. பார்வையாளர் படிக்கட்டில் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து கடைசி வளைவு முழுக்கத் தெரியும். ஒரு நீலக் கார் அந்த வளைவில் சறுக்கிச் சுழன்று, ட்ராக்குக்குக் குறுக்கே நின்றுவிட்டது. ஓட்டின பையன் உள்ளேயே இருந்தான். வளைவுக்கு முன்னால் இடது பக்கத்தில் கொடி காட்டுகிறவர் மஞ்சள் கொடியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை. ரேஸ்காரர் பெண்டாட்டி எனக்கே அது தெரியும் என்றால் இவருக்குச் சொல்லவா வேண்டும்?

சிவப்பு வந்தது. வேகம் குறையவில்லை. குறைப்பார், இப்போது குறைப்பார் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கொடியைத் தாண்டி அதே வேகத்தில் வருகிறது. எழுந்து நின்று, "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். அவ்வளவு தூரத்தில், ஹெல்மெட்டுக்குள், அந்த இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நீலக் கார் கண்ணில் பட்ட அந்தக் கடைசி நொடியில் இவர் என்ன செய்தாரோ தெரியாது, சிவப்பு ஒரு வெட்டு வெட்டி, நீலத்தின் மூக்கை ஒட்டின மாதிரி புல்லில் இறங்கி, மறுபடி ட்ராக்கில் ஏறிப் போய்விட்டது.

படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், விசில் அடித்தார்கள். "செம கன்ட்ரோல் மச்சி! அங்கிள் ஓட்டினதைப் பார்த்தியா!" என்று எனக்குப் பக்கத்தில் ஒருவன் குதித்தான். அத்தனை பேரில் நான் ஒருத்திதான் உட்கார்ந்து அழுதேன்.

கீழே போனபோது கொடி காட்டியவர் இவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, பாவம், அவரும் பயந்துபோயிருந்தார். "சார், நான் ஆட்டிக்கினே இருந்தேன் சார். உங்க லெஃப்ட்லயே நின்னுகினு இருந்தேன்." இவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "வெயில் கண்ணுல அடிச்சிருச்சுப்பா, மன்னிச்சுக்கோ" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். மருந்துக்குக்கூட வெயில் இல்லை. உங்க லெஃப்ட்ல என்ற வார்த்தை மட்டும் என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. திரும்பி வருகிற வழியில் ஒவ்வொரு மேட்டிலும் இறங்கி, அவருக்கு நேர் எதிரில் நின்று கை காட்டினேன். ஒரு இடத்திலும் கார் இடிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் வஞ்சிரம் வறுத்தேன். சோறு, குழம்பு எல்லாம் அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, மீன் தட்டை மட்டும் அவருடைய இடது முழங்கைக்கு அந்தப் பக்கம் வைத்தேன். வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். கடவுளே, இது நான் நினைக்கிற மாதிரி இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் ரெண்டு கவளம் சாப்பிட்டார். "வாசனை வந்துச்சே, மீன் எங்கம்மா?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பினார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், மீன் தட்டு தெரிகிறவரைக்கும்.

"தெரியும்" என்றார். "எனக்குத் தெரியும்மா."

கண்ணுக்குள் அழுத்தம். இடது கண்ணில் ஓரப் பார்வை பூராவும் போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். எப்போது? கார் வாங்குவதற்கு முன்னால். "அதனாலதான் வாங்கினேன்" என்றார். "போறதுக்குள்ள கொஞ்சம் ஓட்டிடலாம்னு." ராத்திரி படுக்கப்போகும்போது கண்ணில் சொட்டு மருந்து போட்டுக்கொள்வார். டிவி பார்த்துக் கண் வறண்டு போகிறது என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த மருந்தை நானேதான் கடையில் போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்!

கத்தினேன். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். "அந்தப் பையன் கார்ல மோதியிருந்தா? நீங்க போயிருந்தா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன மூணாம் மனுஷியா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னா நீ சாவியை வாங்கி வெச்சிருப்பே" என்றார். அது உண்மைதான். வாங்கி வைத்திருப்பேன். அந்த மீனை அன்று இரண்டு பேருமே தொடவில்லை.

அடுத்த வாரம் மயிலாப்பூரில் அந்த டாக்டரிடம் நானும் கூடப் போனேன். ஒரு இருட்டறையில் இவரை உட்கார வைத்து, முகத்தை ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைக்கச் சொன்னார்கள். அதற்குள் அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும், தெரியும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். எனக்கு வெளிச்சம் தெரியாது, பொத்தான் சத்தம்தான் கேட்கும். டிக், டிக் என்று கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, அமுக்குங்க, அமுக்குங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு டிக் கேட்டால் உயிர் வரும். மறுபடி நீளமாக அமைதி. பரிசோதனை செய்த பெண், "சார், தெரியும்போது அமுக்குங்க" என்றாள். "தெரிஞ்சா அமுக்க மாட்டேனாம்மா?" என்றார் இவர். பழைய நாளில் ட்ராக் சுவரில் சாய்ந்து நின்றபோது, காணாமல் போன கார் திரும்ப வரும் என்றாவது எனக்குத் தெரியும்.

போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ட்ராக் கூடாது, ரோட்டிலும் ஓட்டக் கூடாது. இவர் எதிர்த்துப் பேசுவார், என்னைப் பேச வைப்பார், சண்டை போட்டு ஜெயிக்கலாம் என்று நான் தயாராக இருந்தேன். "சரிங்க டாக்டர்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். கேட்காமலே கொடுத்தார். பிடுங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சிவப்பு கார் எங்கள் அபார்ட்மென்ட்டில் உறை போட்டு நின்றது. உறைக்கு மேல் ஒரு பூனை குடித்தனம் வந்துவிட்டது. மகன் விற்றுவிடலாம் என்றான். இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் கீழே போய், உறையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். நான் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள், "சும்மா நின்னா பேட்டரி செத்துரும்மா" என்றார். பேட்டரி கடைக்காரர் சொன்னால் மறுக்க முடியுமா? நான் இத்தனை வருஷமும் ஸ்கூலுக்கு ஒரு சின்னக் காரை ஓட்டிக்கொண்டு போனவள்தான். ஆனால் அந்தச் சிவப்பில் வலது பக்கக் கதவைத் திறப்பதற்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டேன். இவர் இடது பக்கத்தில் போய் விழுந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "டீச்சரம்மா, கியரைக் கொல்லாம போடு" என்றார். அவர் என்னைக் கேலி பண்ணி ரொம்ப நாளாகியிருந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது, திட்டி மறைத்துக்கொண்டேன்.

அப்படியே ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பெசன்ட் நகர் வரைக்கும் போய்வருவது என்று ஆனது. நான் ஓட்டுவேன், அவர் குறை சொல்லுவார். ஸ்பீட் பிரேக்கர் வந்தால் இப்போது அவர் இறங்க வேண்டும். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "பம்பர் போனாப் போகுது, உக்காருங்க" என்றேன். "இதாவது நான் செய்யக் கூடாதா?" என்று கேட்டார்.

போன ஞாயிறு அதே சாந்தோம் ரோடு, அதே ஸ்கூல் வாசல் மேடு. நான் நிறுத்தினேன். கதவைப் பிடித்து, 'மாதாவே' என்று சொல்லி எழுந்து, அவர் காருக்கு முன்னால் போய் நின்றார். பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்து கையை உயர்த்தினார். அந்தப் பக்கச் சக்கரத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் இடது பக்கமாக, நடு ரோட்டை நோக்கி ஒரு எட்டு வைத்தார். கண்ணாடியில் பார்க்கிறேன், எனக்கு வலது பக்கமாக ஒரு பைக் பறந்து வருகிறது. கதவைத் திறக்க நேரமில்லை, கத்தினால் கேட்காது. இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பைக் அவர் சட்டையை உரசிக்கொண்டு தள்ளாடி நின்றது. அப்போதும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏன் இப்படி ஹாரன் அடிக்கிறாய் என்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கில் வந்தவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கத்தினார். "யோவ் பெருசு! கண்ணு தெர்ல? வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

சத்தம் வந்த பிறகுதான் இவர் கழுத்தைத் திருப்பித் தேடினார். தேடிக் கண்டுபிடித்து, அவரைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லிட்டேம்ப்பா" என்றார். "கொஞ்சம் லேட்டாதான் சொன்னேன்."

பைக் போய்விட்டது. அவர் மறுபடி எனக்கு நேராக நின்று, கையை உயர்த்தி, 'வா, வா, மெல்ல' என்று கூப்பிட்டார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. பிரேக்கில் இருந்த காலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.